தரைத்தள வீட்டுக்குள் சாக்கடை ஏறியது எப்படி: ஏழு வீட்டுக் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மழைக்காலத்தில் தரைத்தள வீட்டின் குளியலறை வழியாகக் கழிவுநீர் பொங்கி வந்தால், "தெரு சாக்கடை அடைச்சிருக்கு" என்றுதான் எல்லோரும் சொல்வோம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். எங்கள் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. எங்களைப் போன்ற சின்னக் குடியிருப்புகள் நிறைய இருப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

தென் சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகே இருக்கிறது குடியிருப்பு. 1997-ல் கட்டியது. தரைத்தளத்தில் ஒரு வீடும் வண்டி நிறுத்தும் இடமும். மேலே மூன்று மாடிகளில் ஆறு வீடுகள். தரைத்தள வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி இருக்கிறார்கள். ஐயாவுக்கு அப்போது 74 வயது, அம்மாவுக்கு 69. நான் இரண்டாம் மாடியில் இருப்பவன். சம்பவம் நடந்த ஆண்டில் சங்கச் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது.

கட்டிய காலத்தில் தெருவிலிருந்து கேட்டுக்குள் நுழைய மூன்று படி ஏற வேண்டும் என்று பழைய குடித்தனக்காரர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஐயா தன் செலவில் வாசற்படியைச் செங்கல் வைத்து உயர்த்தினார். சங்கத்தின் சார்பில் கேட்டிலும் ஒரு மேடு கட்டினோம். இனிமேல் தண்ணீர் வராது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அடுத்து 2019. வண்டி நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். அங்கே கழிவுநீர் சேம்பர், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி, மூன்று இருந்தது. மூடிகள் வண்டி ஏறும்போது தடதடவென்று ஆடும், நாற்றம் வரும், கரப்பான் வரும். அதனால் மூடிகளைச் சிமெண்டால் அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது. நானும் கை தூக்கியவன். அதே வேலையோடு, பின்பக்கம் இருந்த சின்ன மண் தோட்டத்துக்கும் சிமெண்ட் தளம் போட்டோம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்கள் நான்கு. முன்பக்கத்து இரண்டும், 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய உறைகிணற்றுக்குப் போகின்றன. பின்பக்கத்து இரண்டும் தோட்டத்து மண்ணில் விழுந்துகொண்டிருந்தன. தளம் போட்ட பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வேலைக்காரர் பக்கத்திலிருந்த கழிவுநீர் சேம்பரிலேயே இரண்டையும் இணைத்துவிட்டார். அவர் யாரிடமும் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

சென்னையில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு வடிகால் என்று இரண்டும் தனித்தனி. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. வீட்டில் பயன்படுத்திய தண்ணீரை மட்டும் கணக்கில் வைத்துப் போட்டதுதான் சாக்கடைக் குழாய். மழைநீரை அதில் விட்டால் அது தாங்காது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது 2023 டிசம்பருக்குப் பிறகுதான்.

முன் அறிகுறிகள்

2020-க்குப் பிறகு ஒவ்வொரு பெருமழையிலும் தரைத்தளக் குளியலறைத் தரையின் நீர்ப்போக்கியில் 'களக் களக்' என்று சத்தம் வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். வாளியைக் கவிழ்த்தால் தண்ணீர் இறங்க நேரமாகும். மழை நின்றதும் சரியாகிவிடும். பிளம்பரை அழைத்தால் அவர் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். கம்பியை விட்டுக் குத்திவிட்டுப் போவார்.

அந்தச் சத்தம், கீழே குழாய் நிரம்பி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நீர்ப்போக்கியைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். மழையின்போது மட்டும் வருகிறது என்பதே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் அடைப்பு என்றால் வெயில் நாளிலும் சத்தம் வருமே.

2023 டிசம்பர் 3, 4: நடந்தது

மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஞாயிறு இரவு. அம்மா சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து நேரப்படி எழுதுகிறேன்.

இரவு 2 மணி வாக்கில் குளியலறையில் சத்தம். அரை மணி நேரத்தில் நீர்ப்போக்கியின் சல்லடை வழியாகக் கரப்பான்கள் வரிசையாக மேலே வந்தன. 3 மணிக்குச் சல்லடை தானாகத் தூக்கிக்கொண்டு, சுற்றிலும் கறுப்புத் தண்ணீர் வளையமாகப் பரவியது. அம்மா ஒரு பழைய துண்டைச் சுருட்டி அதில் திணித்து, மேலே ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தார். ஐந்து நிமிடம் நின்றது. பிறகு அடுத்த அறையின் இந்தியக் கழிப்பறைப் பீங்கானில் தண்ணீர் விளிம்பு வரை வந்து, வழிய ஆரம்பித்தது. தரை மட்டத்தில் இருக்கும் வாய் எதுவாக இருந்தாலும் தண்ணீருக்கு ஒன்றுதான். ஒன்றை அடைத்தால் அடுத்ததில் வரும். குழவிக்குக் கீழே இருந்த துண்டும் கொஞ்ச நேரத்தில் பிதுங்கி வெளியே வந்துவிட்டது.

என்னைத் தொலைபேசியில் எழுப்பியபோது 3.30. நான் இறங்கியபோது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தெருவில் மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது: இன்வெர்ட்டர். அதன் பேட்டரி தரையில் இருந்தது. ஊரில் கரண்ட் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துத் தண்ணீரில் காலை வைக்கப் போனேன். ஐயாதான் கட்டிலில் உட்கார்ந்தபடி, "தம்பி, நில்லுங்க, இன்வெர்ட்டர் ஓடுது" என்றார். அவர் கட்டிலில் நின்றே எட்டி, சுவரில் இருந்த இன்வெர்ட்டர் இணைப்பின் சுவிட்சை உலர்ந்த மரக் கைத்தடியால் தட்டி அணைத்தார். மெயின் சுவிட்சை மாடிப்படியில் நின்றபடி மீட்டர் பலகையில் நான் அணைத்தேன். அதற்குப் பிறகுதான் இறங்கினோம்.

பத்திரங்கள், மருந்துகள், அரிசி டின், கேஸ் சிலிண்டர் என்று தூக்க முடிந்ததைத் தூக்கினோம். பீரோவின் அடித்தட்டில் இருந்த துணிகளும் அம்மாவின் பழைய கடிதங்களும் நனைந்தே போய்விட்டன. பீரோவை நகர்த்தும்போது அதன் தகரம் ஐயாவின் காலைக் கீறிவிட்டது. 4.30-க்கு இருவரையும் என் வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

பிறகு நாங்கள் மூன்று பேர் ஒரு மணி நேரம் வாளியால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினோம். ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. அந்த ஒரு மணி நேரமும் மேலே ஆறு வீடுகளிலும் வழக்கம்போல் கழிப்பறை பயன்படுத்திக்கொண்டிருந்தோம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டு ஃபிளஷ் சத்தம் கேட்டபோதுகூட எனக்கு அது உறைக்கவில்லை.

திங்கள் பகல் முழுக்க மழை விடவில்லை. மாலைக்குள் தண்ணீர் உச்சத்தைத் தொட்டது. புதன் காலை வடிந்தது. மின்சாரம் வர மூன்று நாள் ஆனது.

சுத்தம் செய்தது

இதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். தரையைக் கழுவ வந்தவர் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, அதன் மேலேயே கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றப் போனார். ஜன்னல்கள் பூட்டியிருந்த அறை. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுத் திணறும். நல்லவேளையாகத் தடுத்தோம். முதலில் சேற்றை வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கடைசியில் பிளீச்சிங் கரைசல் போட்டு ஊறவிட்டுக் கழுவினோம். ஆசிட்டைத் தொடவே இல்லை.

இன்னொன்று கீழ்நிலைத் தொட்டி. வண்டி நிறுத்தும் இடத்தில் நின்ற தண்ணீருக்குள் அதன் மூடி மூழ்கியிருந்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் முழுவதும் இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, கடும் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்து, மறுபடி கொட்டிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட்டோம். அதற்குள் இரண்டு வீட்டார் அந்தத் தண்ணீரில் பல் துலக்கிவிட்டார்கள். மூடியை ஒட்டிச் சுற்றுச்சுவர் கட்டி உயர்த்துவது ஒரு நாள் வேலை. 2015-லேயே செய்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாக்கடைத் தண்ணீரில் நின்றதையும் காலில் இருந்த கீறலையும் சொன்னதும், மருத்துவர் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அன்றே மருந்தைத் தொடங்கினார். நான்கு நாள் மருத்துவமனை. குணமாகி வந்தார். கீறல் பட்ட அன்றைக்கே மருத்துவரிடம் போகாதது எங்கள் பிழை.

அம்மா கேட்ட கேள்வி

தண்ணீர் வடிந்த பிறகு கூடத்து மூலையில் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது அம்மா கையில் எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். காய்ந்த வேப்பஞ்சருகு. அதோடு பச்சை நிறத்தில் பாசித் துணுக்கு.

"சாக்கடைத் தண்ணில வேப்பஞ்சருகு எப்படி வந்தது?"

வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வரவில்லை. கதவுக்கு வெளியே மணல் மூட்டை அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாகவும் வரவில்லை. கழிப்பறை வழியாக வந்தது என்றால், மூடிக் கிடக்கும் சாக்கடைக்குள் வேப்பிலை எப்படிப் போகும்? வேப்பமரம் எங்கள் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அதன் கிளை சாய்ந்திருப்பது மொட்டை மாடியின் மேல்.

அன்று மாலையே மொட்டை மாடிக்கு ஏறினேன். இரண்டு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கரைத்து, பின்பக்கத்து மழைநீர்க் குழாய் ஒன்றில் ஊற்றச் சொன்னேன். கீழே பின்பக்கச் சேம்பரின் டைல்ஸைக் கடப்பாரையால் பெயர்த்து, திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் நீலத் தண்ணீர் வந்து விழுந்தது. இரண்டாவது குழாயும் அப்படியே.

மட்டம் பார்த்தது

மேஸ்திரிகள் பயன்படுத்தும் ட்யூப் லெவலை வைத்து எல்லா இடத்தின் உயரத்தையும் எடுத்தோம். தண்ணீர் நிரப்பிய வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். தரைத்தளக் குளியலறையின் தரையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால்:

கூடத்தின் தரை 1 அங்குலம் மேலே. வண்டி நிறுத்தும் இடம் 6 அங்குலம் கீழே. தெருவில் உள்ள மேன்ஹோல் மூடி 4 அங்குலம் மேலே. உயர்த்திய வாசற்படி 8 அங்குலம் மேலே.

முதல் உண்மை இதிலேயே தெரிந்தது. தெரு மேன்ஹோலில் கழிவுநீர் மூடி வரை நிரம்பினால், எங்கள் குளியலறையில் 4 அங்குலம் நின்றே தீரும். ஒரே குழாயின் இரண்டு முனைகள் அவை. வாசற்படியை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. சொல்லப்போனால் அந்தப் படி, உள்ளே வந்த சாக்கடை வெளியே போகாமல் தேக்கும் கரையாக ஆகிவிட்டது.

இரண்டாவது உண்மை அழுக்குக் கோடுகளில் இருந்தது. அதே பூஜ்யத்திலிருந்து அளந்தால், தெருப் பக்கத்துச் சுவரில் படிந்த சேற்றுக்கோடு 5 அங்குலத்தில். வண்டி நிறுத்தும் இடத்துத் தூணில் 3 அங்குலத்தில். கூடத்துச் சுவரில் 7 அங்குலத்தில். வீட்டுக்குள் நின்ற தண்ணீர் தெருத் தண்ணீரைவிட 2 அங்குலம் உயரம்! தெருவிலிருந்து மட்டும் வந்திருந்தால் இது நடக்காது. எங்கள் கட்டடத்துக்குள்ளிருந்தே ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். மொட்டை மாடி 2,400 சதுர அடி. பின்பக்கக் குழாய்களுக்கு வருவது அதில் பாதி, 1,200 சதுர அடி. அதில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1,100 லிட்டர். 10 செ.மீ. பெய்தால் 11,000 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுக்கும் அளவு. ஏழு வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளொன்றுக்கு 3,800 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, மூன்று நாள் கழிவுநீர் சில மணி நேரத்தில் சேம்பருக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே போகும் வழியைத் தெருக் குழாய் அடைத்துவிட்டது. சேம்பர் மூடி வழியாக வண்டி நிறுத்தும் இடத்தில் பொங்கியிருக்கும். ஆனால் அங்கே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டியிருந்தோம். மிச்சம் இருந்த ஒரே வாய் அம்மாவின் குளியலறை.

எடுத்த முடிவுகள், முதல் சுற்று

2024 ஜனவரிக் கூட்டம் எளிதாக இல்லை. "பாதிப்பு தரைத்தளத்துக்குத்தானே, செலவை அவங்களே பார்க்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். நான் தூண்களில் இருந்த கோடுகளின் படத்தையும் வேப்பஞ்சருகையும் காட்டினேன். அது மொட்டை மாடித் தண்ணீர். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. செலவும் ஏழு பங்கு என்று முடிவானது.

பின்பக்கத்து மழைநீர்க் குழாய்கள் இரண்டையும் சாக்கடையிலிருந்து வெட்டி, புதிதாக ஒரு உறைகிணறு இறக்கி அதில் விட்டோம். அது நிரம்பினால் தரையோடு ஓடி வெளியே போக வாட்டம் வைத்தோம். இந்தத் தொடர்பில் செய்த வேலைகளிலேயே மிகச் சரியானது இதுதான்.

டைல்ஸைப் பெயர்த்து மூன்று சேம்பர்களையும் திறந்தோம். பழைய ஆட்டம், நாற்றம் வேண்டாம் என்பதால் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத இரட்டை மூடி போட்டோம். கடைசிச் சேம்பரில், தெருவுக்குப் போகும் வாயில், நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தோம். உள்ளிருந்து வெளியே போகும் தண்ணீருக்குத் திறக்கும். வெளியிலிருந்து வந்தால் தட்டு மூடிக்கொள்ளும். பிளம்பரும் அதைத்தான் சொன்னார், கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். எனக்கும் சரியென்றே பட்டது.

இடையில் ஒன்று. தெருக் குழாயில் மண் சேர்ந்திருப்பது தெரிந்து, குடிநீர் வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்தோம். ஜெட் வண்டி வந்து சுத்தம் செய்தது. அதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர், "ஆள் இறக்கி ஒரே மணி நேரத்தில் எடுத்துத் தரேன்" என்று வந்தார். மறுத்துவிட்டோம். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்னவருக்கும் தண்டனை உண்டு. சட்டம் இருக்கட்டும். குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு கூடினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் இல்லை, பயமில்லை என்று இறங்குபவர் அப்படியே சாய்வார். இந்தப் பத்தியை வாசிக்கிற யாரும் எவ்வளவு அவசரமானாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2024 அக்டோபர் 15: முதல் சோதனையில் தோற்றது

அன்று காலை முதல் கனமழை. தெரு மேன்ஹோல் நிரம்பியது. வால்வு மூடிக்கொண்டது, கடைசிச் சேம்பரைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, நிம்மதியாக மேலே வந்தேன்.

11 மணிக்கு அம்மா அழைத்தார். "தம்பி, குளிக்கிற ரூம்ல மறுபடியும் தண்ணி வருது. ஆனா வெள்ளையா வருது."

இறங்கிப் பார்த்தேன். நீர்ப்போக்கியைச் சுற்றி ஒரு கையளவு நுரை நின்றிருந்தது. குனிந்தால் சலவைத்தூள் வாசனை. அது எங்கள் வீட்டில் வாங்கும் தூளின் வாசனை. மேலே என் வீட்டு வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. தெருத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. ஆனால் எங்கள் தண்ணீரும் வெளியே போகவில்லை. ஆறு வீட்டுக் குளியல், சமையலறை, மெஷின் எல்லாம் மூடிய வால்வின் பின்னால் நிரம்பி, காற்றுப் புகாத மூடிகளால் வெளியே பொங்கவும் முடியாமல், மறுபடி அதே தாழ்ந்த வாயைத் தேடிப் போயிருக்கிறது. மேலே மூடி உள்ள வாஷிங் மெஷின் ஒரு முறை துவைத்து முடிக்க நூறு லிட்டர்வரை எடுக்கும். அத்தனையும் வயதான அந்த அம்மாவின் குளியலறைக்குப் போனது.

மெஷினை நிறுத்தி, எல்லா வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொல்லி, குழாய்களை மூட வைத்தோம். அரை அங்குலத்தோடு நின்றது. அன்று சேதம் பெரிதாக இல்லை. ஆனால் முதல் முறைக்குத் தெரியாமை என்று ஒரு காரணம் இருந்தது. இந்த முறை நான் மட்டம் எடுத்து, கணக்குப் போட்டு, எல்லாம் தெரிந்தவனாகச் செய்த வேலை தோற்றது. அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் சுற்று

செய்ய வேண்டியது என்னவென்று இப்போது தெளிவாக இருந்தது. கட்டடத்தின் மொத்தக் குழாய்க்கு ஒரு வால்வு என்பது மாடிவாசிகள் இல்லாத தனி வீட்டுக்குப் பொருந்தும். எங்களைப் போல மேலே வீடுகள் இருந்தால், தரைத்தள வீட்டின் குழாய் மாடிக் குழாயோடு சேர்வதற்கு முன்பே, அந்தக் கிளைக் குழாயில் வால்வு வேண்டும். அப்போதுதான் தெருத் தண்ணீரும் மாடித் தண்ணீரும் இரண்டுமே தரைத்தளத்துக்குள் போக முடியாது.

தரைத்தளக் கிளைக்கு ஒரு தனிச் சேம்பர் கட்டி, அதில் இரண்டாவது வால்வை வைத்தோம். தெருமுனை வால்வையும் எடுக்கவில்லை. தெருத் தண்ணீர் வளாகத்துக்குள் வராமல் இருக்க அது தேவை.

அடுத்த கேள்விதான் சண்டையானது. இரண்டு வால்வும் மூடிக்கொண்டால் மாடியில் இருக்கும் ஆறு வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? எங்காவது பொங்கித்தான் ஆக வேண்டும். பின்பக்கச் சேம்பரின் காற்றுப் புகாத மூடியை எடுத்துவிட்டு, சல்லடை மூடி போட்டால் அங்கே பொங்கும். குளியலறைத் தரையைவிட அந்த இடம் 6 அங்குலம் தாழ்வு என்பதால் முதலில் அதில்தான் வரும். "காசு கொடுத்துச் சாக்கடையைப் பார்க்கிங்ல விடணுமா?" என்று இரண்டு பேர் எழுந்தார்கள். ஐயா அதுவரை கூட்டத்தில் பேசியதே இல்லை. அன்று சொன்னார்:

"பார்க்கிங்ல வந்தா மறுநாள் கழுவி விட்டுடலாம். எங்க வீட்டுக்குள்ள வந்தா நாங்க எங்க போறது?"

சல்லடை மூடி போட்டோம். நாற்றத்துக்கு, மழைக்காலம் அல்லாத மாதங்களில் அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு. செப்டம்பர் கடைசியில் விரிப்பை எடுத்துவிட வேண்டும் என்பது காவலாளியின் வேலைப் பட்டியலில் இருக்கிறது.

மாடி டேங்க் நிரம்பினால் கத்துமே, அந்த அலாரத்தில் ஒன்றை வாங்கி அதன் கம்பியைச் சேம்பருக்குள் தொங்கவிட்டோம். கழிவுநீர் அந்த உயரம் வந்தால் கத்தும். கத்தினால் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: மெஷின் கூடாது, குளியல் கூடாது, கழிப்பறைக்கு மட்டும் சொம்புத் தண்ணீர். தரைத்தளத்தாரும் வால்வு மூடியிருக்கும்போது தங்கள் குழாயைப் பயன்படுத்த முடியாது என்பதால், முதல் மாடி வீட்டின் குளியலறை அவர்களுக்குத் திறந்திருக்கும். இது எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட ஏற்பாடு.

இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஆன செலவு ரூ.84,000, வீட்டுக்கு ரூ.12,000. 2023-ல் தரைத்தளத்தார் ஃபிரிட்ஜ், கட்டில், சமையலறை அலமாரி, வண்ணப்பூச்சு என்று இழந்தது இதைவிட அதிகம். மருத்துவச் செலவு தனி.

2024 நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த நாள். சென்னையில் காலையிலிருந்தே மழை. பிற்பகல் 2 மணி தாண்டி அலாரம் கத்தியது. குழுவில் செய்தி போனது. ஐயாவும் அம்மாவும் முதல் மாடிக்குப் போனார்கள்.

நான் கீழேயே இருந்தேன். சல்லடை மூடி வழியாக இரண்டு முறை கழிவுநீர் பொங்கி, பின்பக்கத் தளத்தில் பரவியது. இரண்டு முறையும் குழுவில் மறுபடி சொன்ன பிறகு அடங்கியது; யாரோ பழக்கத்தில் ஃபிளஷ் அழுத்தியிருக்கிறார்கள். உறைகிணறு நிரம்பி, மொட்டை மாடித் தண்ணீர் தெளிவாக வாட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேப்பஞ்சருகும் மிதந்தது.

குளியலறையில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தோம். மறுநாள் காலை எடுத்தபோது காய்ந்தே இருந்தது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

முதலில் மட்டம் எடுத்திருப்போம், பிறகுதான் எதையும் கட்டியிருப்போம். 2015-க்குப் பிறகு வாசற்படிக்குச் செலவழித்த நேரத்தில் ஒரு ட்யூப் லெவல் பிடித்திருந்தால், தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அப்போதே தெரிந்திருக்கும். தெரு மேன்ஹோல் மூடி உங்கள் குளியலறைத் தரையைவிட உயரமா, தாழ்வா? தரைத்தளத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்களும்தான்.

சேம்பரை மூடி டைல்ஸ் ஒட்டுவதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். மழைநீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது என்பதை யாராவது வேலை செய்துவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் நீலத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

வால்வை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்பதையும் கற்றோம். இந்த ஜூலையில் திறந்து பார்த்தபோது, தெருமுனை வால்வின் தட்டில் ஒரு துணித்துண்டு சிக்கி, பாதி திறந்த நிலையில் நின்றிருந்தது. அப்படியே அக்டோபருக்குப் போயிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். இப்போது மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தண்ணீரைப் பீய்ச்சி, தட்டு முழுதாக மூடுகிறதா என்று பார்க்கிறோம். நாப்கின், துணி, தேங்காய் நார் எதுவும் கழிப்பறைக்குள் போகக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னோம்.

தீராதது ஒன்று இருக்கிறது. தெருவில் தண்ணீர் வாசற்படியின் 8 அங்குலத்தைத் தாண்டினால், இந்த வால்வுகளுக்கு அங்கே வேலை இல்லை. 2015 மாதிரி ஒரு நாள் வந்தால் தம்பதியை முன்கூட்டியே மேலே அழைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. எந்த உயரத்தில் அழைப்பது என்பதற்கு, கேட் தூணில் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறோம்.

எங்கள் தெருவுக்கு மறுபடி தார் போடப் போவதாகச் சொல்கிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லி, மட்டக் கணக்கையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் ட்யூப் லெவலை எடுத்துக்கொண்டு மறுபடி மேன்ஹோல் மூடியிலிருந்து அளக்க வேண்டும்.